இன்னைக்கு என்ன சாறு?

பெரியம்மை வராமலிருக்க அம்மைப்பால் குத்துகிறவன் தொழிலில் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். வாசலில் நின்று கேள்வி கேட்டுப் பிழைக்கிற எல்லோருக்கும், வாக்காளர் பட்டியல் எழுதுகிறவர் முதல் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை வரை, நான் பட்டது புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் சைக்கிளில் அலைந்தேன். ஓரிடத்தில் நிற்பது எனக்கு ஆகாது. கேட்ட கேள்விக்குப் பதில் வருமுன்பே ஒரு கால் பெடலில் இருக்கும்.

நாலு பேர்

நாகரசம்பட்டியில் ஒரு மாந்தோப்புக்காரரிடம், "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டேன். "நாலு பேருங்க" என்றார். நாலு பேருக்கும் குத்திவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பும்போது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தொட்டிலுக்கு ஒன்றாக இரட்டைக் குழந்தைகள். அந்த வீட்டில் முதலில் குத்தியிருக்க வேண்டியதே அந்த இரண்டுக்கும்தான்.

ஏன் மறைத்தீர்கள் என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மறைக்கலைங்க. களி திங்கறவங்க நாலு பேரு. அதுங்க ரெண்டும் இன்னும் பால்தானே குடிக்குதுங்க."

முப்பது வீடு

பேரிகைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பெரியம்மை என்று சேதி வந்தது. எந்த வீடு என்று தெரியவில்லை. இரண்டு நாளில் பேரிகைச் சந்தை. அந்த வீட்டு ஆள் சந்தைக்குப் போனால் அம்மை சூளகிரி, ஓசூர் என்று பஸ் ஏறிவிடும். அதற்குள் வீட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

"உங்கள் வீட்டில் யாருக்காவது அம்மை நோய் இருக்கிறதா?" என்று தமிழில் கேட்டேன், தெலுங்கில் கேட்டேன், கன்னடத்திலும் கேட்டேன். முப்பது வீட்டிலும் இல்லை என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினால் என்னைப் போன்றவன் வந்து நிற்பான் என்று அதையும் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்று நம்புகிற வீட்டின் முன் நின்று நோய் என்று சொன்னால் யார் ஆமாம் என்பார்கள்? அதை யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த வீடு, அடுத்த வீடு என்று ஓடினேன். ஊர்க் கடைசியில் கலப்பைக் கொழுவைத் தட்டிக்கொண்டிருந்த கொல்லர் தலை நிமிராமல் சொன்னார்: "நீங்க கேக்கறது கேள்வி மாதிரி இல்லைங்க, புகார் மாதிரி இருக்குது."

பசி கேட்டது

மறுநாள் மறுபடியும் அதே தெரு. உச்சி வெயில். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு வாசலில் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் என்னிடம் இல்லை என்றவள்தான். கேட்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. பசியில், "இன்னைக்கு என்ன சாறும்மா?" என்றேன். இந்தப் பக்கம் குழம்புக்கு அதுதான் பெயர்.

"சாறு ஏதுங்க? தாளிக்கலை. கூழுதான்."

பெடலில் இருந்த காலை எடுத்துவிட்டேன். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கமாட்டார்கள். கடுகு வெடிக்கிற வாடை ஆத்தாளுக்கு ஆகாது. எனக்கு அம்மை கண்டபோது என் அம்மாவும் தாளிக்கவில்லை. எல்லாம் தெரிந்த விஷயம், கேட்கத்தான் தெரியவில்லை. "எத்தனை நாளாம்மா தாளிக்கலை?" என்றேன். "ஆறு நாளாச்சுங்க" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளே கதவைத் தள்ளிக் காட்டினாள். எட்டு வயது மகள் வேப்பிலை மேல் கிடந்தாள்.

கொல்லைப்பக்கம் சந்தைக்குக் கத்தரிக்காய் மூட்டை கட்டிக்கொண்டிருந்த புருஷன், நான் சொன்னதைக் கேட்டு மூட்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். தெருவுக்கே அன்று குத்தினேன். முதலில் அந்தக் கைக்குழந்தைக்கு. அம்மையை அம்மைப்பால் முந்த வேண்டும், அதற்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். அதில் ஒரு நாளை நான் வீணாக்கியிருந்தேன். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இதை நேத்தே கேட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேனுங்க."

மூன்று வாரம்

தினமும் போனேன். மகளுக்குக் கொப்புளம் இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்குள் குழந்தைக்கும் அம்மைக் காய்ச்சல் கண்டது. என் ஒரு நாள் அவசரத்துக்கு இந்தக் குழந்தை போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வராது. "இன்னைக்கு என்ன சாறும்மா?" என்பேன். "கூழுங்க" என்பாள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். அடுத்த ஊரில் குத்தும்போதும் மனசு அந்த அடுப்படியிலேயே நிற்கும்.

ஒரு நாள் தெரு முனை திரும்பும்போதே கடுகு வாடை அடித்தது. எந்த வீட்டிலிருந்து என்று தெரியாமல் சைக்கிளை ஒரு வேலியில் சாய்த்துவிட்டு நடந்தேன், அது சரிந்து விழுந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் குழந்தையோடு அவள் வாசலுக்கு வந்தாள். கன்னத்தில் நாலைந்து வடுக்களோடு அது கரண்டியை இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கியது. நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்: "கேக்காதீங்க, நானே சொல்றேன். அவரைக்கொட்டைச் சாறு. தாளிச்சாச்சுங்க."

அதன்பிறகு எந்த வாசலில் நின்றாலும் முதலில் சாறைத்தான் விசாரித்தேன். கேள்வி கேட்கப் படித்ததற்கு இரண்டு தாலுகாவும் சேர்ந்து எனக்குக் கொடுத்த பட்டம், சாப்பாட்டு ராமன்.