நான்காவது மூலை

இது நடந்தது. கேள்விப்பட்ட கதையென்றால் எழுதிய தாளை நானே கிழித்தெறிந்திருப்பேன். பேய் என்பது பயந்தவன் பெற்ற பிள்ளை என்று மேடைதோறும் முழங்கியவர் நல்லையா. இரங்கூனில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில், மழை ஓய்ந்த ஒரு மாலையில், பகல் வெளிச்சம் மங்குவதற்கு முன்பே அவருக்கு இது நேர்ந்தது.

நல்லையாவின் சீர்திருத்த சங்கத்துக்கு ஒரு வீட்டு வண்டி உண்டு. மோட்டார் லாரியின் பின்னால் கட்டி இழுப்பது, இரண்டே சக்கரம். உள்ளே படுக்கை, அடுப்பு, புத்தகப் பெட்டி. பக்கச் சுவரைக் கீழே இறக்கினால் அதுவே மேடை. ஒரே குறை, லாரியைக் கழற்றியதும் வண்டி சரியும். சென்ற மாதம் அவர் மனைவி நீலாம்பாள் முதன்முதலாகப் பேச எழுந்தபோது மேடை ஒருபக்கமாக இறங்கியது. "பொம்பளை ஏறினா மேடையே தாங்கலைடா!" என்று ஒருவன் கத்த, கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. நீலாம்பாள் ஒரு சொல்லும் பேசாமல் இறங்கிவிட்டாள்.

இன்னொரு முறை அப்படி நேர்ந்தால், அந்த மேடையில் இனி எந்தப் பெண்ணும் ஏறமாட்டாள். அதனால்தான் அன்று காலை பபேடான் கடைத்தெருவில், தஸ்தகீரின் இரும்புக் கடையில் நல்லையா நின்றார்.

"சக்கரத்துக்கு அடியில ஆப்புக் கட்டை குடுத்தா போதாதா, பாய்?"

"ஒரு பக்கந்தான் ஏறும், தம்பி. முன்ன பின்ன சாயுமே, அதுக்கு? நாலு மூலைக்கும் திருகு ஜாக்கி வைங்க. மட்டம் பாக்க ரசமட்டம் ஒண்ணு. எங்க நிறுத்தப் போறீங்க?"

"லான்மடாவ் ஆத்தங்கரையில."

"சேறுல்ல அது! வெறும் இரும்பு வச்சா பூமி முழுங்கிரும். அடியில அகலமா தேக்குப் பலகை போடணும். மூணுதான் இருக்கு. நாலாவது நாளைக்கு வரும்."

"கூட்டம் இன்னிக்கு, பாய்."

"ஒருநாள் பேசாட்டி ஒங்க வாயி துருப்பிடிச்சிருமோ?"

நல்லையா சிரித்துக்கொண்டே மூன்று பலகையோடு புறப்பட்டார்.

ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு லாரிக்காரன் தேநீர் குடிக்கப் போனான். மூன்று மூலைக்கும் பலகை வைத்து ஜாக்கியைத் திருகியாயிற்று. நான்காவதற்கு?

அரிசிக் கிடங்கின் சுவரோரம் முழங்கால் உயரத்தில் ஒரு கல் நின்றது. எண்ணெய், மஞ்சள், அன்று பறித்த பூ. நல்லையாவின் கண்கள் பளிச்சிட்டன. "சும்மா நின்று பூ வாங்கும் சாமி, இன்றாவது உழைத்துப் பார்க்கட்டும்!" என்று மேடைக் குரலிலேயே சொல்லி, கல்லைப் பிடுங்கிப் படுக்கவைத்து அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினார்.

"யாரு கல்லுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கலாம்ல?" என்றாள் நீலாம்பாள்.

"சாமி கல்லு. சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்."

ரசமட்டத்தின் குமிழி நட்ட நடுவில் நின்றது. பேச்சைச் சொல்லிப் பார்க்க நீலாம்பாள் மேடையேறினாள். அவள் நின்றது கல் வைத்த மூலையின் மேல்.

நல்லையா மறுபடி ரசமட்டத்தைப் பார்த்தார். குமிழி நகர்ந்திருந்தது. உயர்ந்த பக்கம்தான் குமிழி ஓடும். அது அவள் நின்ற மூலையை நோக்கி ஓடியிருந்தது. ஆள் ஏறிய மூலை தாழ வேண்டும்... இது உயர்ந்திருந்தது.

ஜாக்கியை ஒரு சுற்று இறக்கினார். கிர்ர்... குமிழி திரும்பவில்லை. இன்னொரு சுற்று. கிர்ர்... ஜாக்கியின் தலைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்தது.

அந்த மூலை எதன்மேலும் நிற்கவில்லை.

ஆனாலும் நின்றது.

கீழேயிருந்து மூச்சு... மூட்டை சுமப்பவன் பல்லைக் கடித்து விடும் மூச்சு.

"ஏங்க," என்றாள் நீலாம்பாள் மேலேயிருந்து. "புதுசா என்ன, என்னைத் தாயின்னு கூப்பிடுறீங்க?"

"நானா?"

"'எறங்கு தாயி'ன்னீங்களே. ரெண்டு வாட்டி."

நல்லையா குனிந்தார்.

யாருமில்லை.

சேற்றில் இரண்டு பாதத் தடங்கள். அவர் பார்க்கப் பார்க்க...

ஆழமாயின.

"இறங்கு!"

அவள் குதித்தாள்.

தடார்!

அந்த மூலை கல்லின்மேல் விழுந்தது. ஜாக்கி கோணிக்கொண்டு தெறித்தது.

சத்தம் கேட்டுக் கிடங்கில் மூட்டை தைக்கும் சொர்ணம்மாள் ஓடிவந்தாள். படுத்துக் கிடந்த கல்லைப் பார்த்தவள் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது சாமியில்லீங்க. வெள்ளையன்னு எங்காளு, அவன் நெனப்புக்கு நட்ட கல்லு. எங்களோட மூட்டை தூக்குனவன். இதே எடத்துல அரிசி வண்டி அச்சு முறிஞ்சு சாஞ்சிச்சு. முட்டுக் குடுக்கக் கட்டை இல்ல. 'தோளைக் குடுடா'ன்னாரு மேஸ்திரி. குடுத்தான். மூட்டை மேல நான் உக்காந்திருந்தேன். 'எறங்கு தாயி'ன்னான்... ரெண்டு வாட்டி. நான் எறங்கிட்டேன். அவன் எந்திரிக்கவே இல்ல."

உழைப்பவனுக்காக ஊர் ஊராய்த் தொண்டை கிழியப் பேசியவர், செத்த உழைப்பாளி ஒருவனை மறுபடியும் சுமைக்கு அடியில் நிறுத்தியிருந்தார். கல்லை ஆற்றில் கழுவி, பழைய குழியிலேயே தம் கையால் நட்டார். நீலாம்பாள் அன்று மண்ணில் நின்றே பேசினாள். யாரும் சிரிக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் பபேடானில் கூட்டம். கல் பாவிய, கெட்டியான தரை. நல்லையா மூன்று மூலைக்கு ஜாக்கி வைத்து முடித்தபோது, தஸ்தகீர் நான்காவது பலகையும் புது ஜாக்கியுமாக வந்தார். ரசமட்டத்தை எட்டிப் பார்த்தார்.

குமிழி நட்ட நடுவில் நின்றது.

"அதான் மட்டமாயிருக்கே, தம்பி! நாலாவது மூலைக்கு எதை வச்சீங்க?"

அங்கே நல்லையா எதையுமே வைக்கவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை.

கல்லைத்தான் அவர் அதன் பழைய குழியில் திருப்பி நட்டிருந்தார். சுமையை இறக்கச் சொல்லி வெள்ளையனிடம் யாருமே சொல்லவில்லை.