சனிக்கிழமை வராத கமலினி

கமலினிக்கு வாய் கொஞ்சம் நீளம். புலம்பெயர்ந்து குடியேறிய டண்டினோங் ஊரில் அவளைத் தெரிந்த எல்லாரும் இதைச் சொல்வார்கள். கணவன் நித்தியானந்தன் முதல் ஆளாகச் சொல்வான். வீட்டு ஏஜென்ட், பஸ் டிரைவர், கோயில் அன்னதான வரிசையில் இடையில் புகுந்தவர் என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஆனால் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிடும் வேலையில் அவளைப்போல் இன்னொருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அவள் போகும் வீடுகளில் ஒன்று அரியரத்தினம் அங்கிளுடையது. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த மனிதர். மனைவி தையல்நாயகி அன்ரி ஒடிசல் உடம்புக்காரி. அவரைப் புரட்டவே ஏலாது, தூக்குவது எங்கே? அரசாங்கம் ஒதுக்கிய உதவியின்படி சனிக்கிழமையும் ஆள் வரவேண்டும். வருவதில்லை. ஆள் தட்டுப்பாடு என்று கமலினியை வேலைக்கு அனுப்பும் கம்பெனி சொல்லும். வெள்ளிக்கிழமை கமலினி போய்விட்டால் திங்கள் வரை அங்கிள் கிடந்த கிடைதான். முதுகின் அடியில் தோல் சிவந்து, புண்ணாகத் தொடங்கியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை அந்தப் புண்ணைப் பதிவுசெய்யப் போனில் வேலை ஆப்பைத் திறந்தவள் திகைத்துப் போனாள். சனிக்கிழமைக் குறிப்பு ஒன்று, அவளுடைய பெயரிலேயே: 'குளிப்பாட்டினேன். உடுப்பு மாற்றினேன். சந்தோஷமாக இருந்தார்.' அன்றைக்கு அவள் கேரம் டவுன்ஸ் கோயிலில் நின்றவள். பின்னோக்கிப் பார்த்தால், எல்லாச் சனிக்கிழமையும் அவள் வந்திருக்கிறாள்! வராத ஆளைக் காட்டி அரசாங்கத்திடம் காசு கறக்கிறார்கள்.

கம்பெனி முதலாளி கௌரிசங்கருக்குப் போன் அடித்தாள். "கம்பியூட்டர் பிழை, தங்கச்சி. பாத்துச் செய்யிறம்," என்றார், வாயில் தேன் ஒழுக. அடுத்த சனிக்கிழமையும் கம்பியூட்டரே அங்கிளைக் குளிப்பாட்டியது.

கமலினி, பராமரிப்பு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தில் முறைப்பாடு செய்தாள். "வேலியில போற ஓணானை ஏனப்பா மடியில கட்டுறாய்?" என்றான் நித்தியானந்தன். அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அங்கிளின் வீட்டுக்குப் போய் விசாரிப்போம், அதுவரை அந்த வீட்டாரிடம் வாய் திறக்காதே, நீ சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்றாள். வாழ்நாளில் கமலினி வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான். அந்தத் தடவை பார்த்து மூடியிருக்கக் கூடாது.

அதிகாரி வந்துபோன மறுநாள், அன்ரி குசினியிலிருந்து கோப்பியோடு முகம் மலர வந்தாள்.

"பிள்ளை, நேற்று கவர்ன்மென்டில இருந்து ஒரு வெள்ளைக்காரி வந்தவ. போனில ஒரு தமிழாளை வைச்சு உன்னைப் பற்றித்தான் கேட்டவ. கமலினி சனிக்கிழமையில வாறவவோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"விடுவனே? ஓம், ஒரு சனியும் தவறமாட்டாள், நேரத்துக்கு மிஞ்சியும் நிப்பாள் எண்டன். ஆரோ எரிச்சலில உன்னைப் பற்றி அறிவிச்சிருக்கினம். உன்னைக் காப்பாத்திப் போட்டன்!"

யுத்தகாலத்தில் கதவைத் தட்டி, இன்னார் இங்கே வாறவரோ என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவள் அன்ரி. கேட்கப்படும் ஆளுக்கு எது பாதுகாப்போ, அதுவே பதில். உண்மைக்கு அங்கே இடமிருக்கவில்லை.

"ஐயோ அன்ரி, அறிவிச்சதே நான்தான்!" என்று கத்தினாள் கமலினி. கதிரையில் அமர்ந்து, நடந்ததெல்லாம் சொன்னாள். இப்போதே போன் எடுத்து மாற்றிச் சொல்லும்படி கெஞ்சினாள்.

அன்ரியின் முகம் வெளுத்தது. "மாத்திச் சொன்னா நான் பொய் சொன்னது தெரிஞ்சிடுமெல்லோ? பிறகு அங்கிளுக்குக் கிடைக்கிற உதவியையும் நிப்பாட்டிப் போடுவினம். வேண்டாம் பிள்ளை. சனிக்கிழமையை நான் சமாளிப்பன்."

"எப்பிடிச் சமாளிப்பியள்? அந்தப் புண்ணைப் பாத்தனீங்களோ?"

அன்ரி கோப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். கமலினி அதிகாரிக்குப் போன் அடித்தாள். வீட்டுக்காரரே நீ வருகிறாய் என்கிறார்கள், அவர்களாக மாற்றிச் சொன்னால் திரும்பப் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொன்னாள் அவள். கமலினிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. திட்டித் தீர்க்க ஆளில்லாமல் அவள் தவித்தது அன்றைக்குத்தான். அன்ரியை எப்படித் திட்டுவது?

சனிக்கிழமை காலை அவள் கோயிலுக்குப் போகவில்லை. அன்ரி கதவைத் திறந்தாள். "நான் சொன்னனான்தானே, ஒரு சனியும் தவறமாட்டாள் எண்டு," என்று கண்கலங்கச் சிரித்தாள். சம்பளமில்லாத வேலை. அங்கிளைத் தூக்கிக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, வெளுத்த சாரம் கட்டிவிட்டாள். கோணிய வாயால் அவர் சிரித்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு ஆப்பைத் திறந்தாள். குறிப்பு ஏற்கெனவே ஏறியிருந்தது. குளிப்பாட்டினேன். உடுப்பு மாற்றினேன். சந்தோஷமாக இருந்தார். ஒரு சொல்லும் பொய்யில்லை. கௌரிசங்கரின் பொய்யை உண்மையாக்கிக் கொடுத்தவள் அவளேதான்.