தாத்தாவுக்கு மூன்று தகப்பன்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நானும் அம்மாவும் கண்டியில் பெரியப்பா வீட்டில் ஒண்டியிருந்தோம். அப்பா இறந்து போயிருந்தார். கீழே ஜவுளிக்கடை, மேலே வீடு. நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது பெரியப்பாவுக்குச் சாதாரண நாட்களில் உறுத்தலாகவும், அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வரும் நாட்களில் பெருமையாகவும் இருக்கும்.

அவருடைய மூத்த மகனுக்குக் கொழும்பில் ஒரு பெரிய வியாபாரி வீட்டில் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் மூன்று தலைமுறை விவரம் கேட்டு எழுதினார்கள். அந்த மகனைப் பற்றி ஒரு வரிகூட விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் சம்பந்தம் அங்கேயே நின்றிருக்கும்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டு அலுமாரிச் சாவியைக் கொடுத்தார். கடையைத் தொடங்கிய தாத்தாவின் பழைய காகிதங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன, பார்த்து வம்சாவளியை அழகாக எழுதித் தா என்றார். தாத்தாவின் அப்பா யார் என்று கேட்டேன். ஊரில் பெரிய ஆள் என்றார். எந்த ஊர் என்றதற்கு, அதைத்தானே உன்னைப் பார்க்கச் சொல்கிறேன் என்று எரிந்து விழுந்தார்.

இரண்டு சனி ஞாயிறுகள் அந்தக் காகிதங்களோடு உட்கார்ந்தேன். தாத்தாவின் கலியாணப் பதிவில் அவருடைய தகப்பன் திருநெல்வேலிப் பக்கத்து விவசாயி என்று இருந்தது. கடுகண்ணாவையில் காணி வாங்கிய உறுதிப் பத்திரத்தில் தகப்பன் மடுல்கெல்லைத் தோட்டத்தில் பெரிய கங்காணி. கோயில் சபையில் சேரக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலில் தகப்பன் இராமநாதபுரத்து வணிகர். மூன்றிலும் மூன்று பெயர்கள். கையெழுத்து மட்டும் ஒன்று, தாத்தாவுடையது.

பதிவுக்காரர் கேட்டபோது ஒரு தகப்பன், உறுதி எழுதிய நொத்தாரிசு கேட்டபோது இன்னொருவர், கோயில்காரர்கள் கேட்டபோது மூன்றாமவர். கேட்கிறவனின் தகுதிக்கு ஏற்றபடி தகப்பனை எடுத்துக் காட்டியிருக்கிறார். மாலை போட்ட படத்தில் நான் தினமும் விழுந்து கும்பிட்ட மனிதர் அவர். அன்று கும்பிடவில்லை.

அலுமாரியின் அடித்தட்டில் மஞ்சளாகிப்போன ஒரு சிறு துண்டு கிடந்தது. மடுல்கெல்லைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பையன் வெளியேறலாம் என்று துரை கையெழுத்திட்டுக் கொடுத்தது. பையனின் பெயர் தாத்தாவுடையது. இன்னாருடைய மகன் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

பெரியப்பாவிடம் சொல்லாமல் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். வத்தேகாமம் வரை ரயில், பிறகு பஸ், பிறகு நடை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்னை ஆசிரியை என்று அறிந்ததும் கதிரை போட்டு உட்காரச் சொன்னார். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் ஆட்களைப் பதிந்த புத்தகங்கள் இரண்டுதான் கறையானுக்குத் தப்பியிருந்தன. இரண்டாவதில் துண்டில் கண்ட அந்தப் பெண் இருந்தாள். வயது இருபது இருக்கலாம். தனியாக வந்தவள். ஆண் குழந்தை ஒன்று. குழந்தையின் தகப்பன் என்ற இடத்தில் எழுதியவர் ஒரு கோடு இழுத்திருந்தார். சில பக்கங்கள் தள்ளி அவள் பெயருக்கு நேரே, காய்ச்சலில் செத்தாள் என்று இருந்தது.

அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"இந்த மாதிரி கோடு நெறைய இருக்கு டீச்சர். அந்தக் காலத்துல யாரு நின்னு கேட்டா?"

கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருப்பாளா என்பது வேறு. ஆனால் யாரும் கேட்கவில்லை என்பது அந்தக் கோட்டின் வேகத்திலேயே தெரிந்தது. அவள் பெயரையும் இறந்த விவரத்தையும் எழுதிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பெரியப்பா கடை மேசையில் இருந்தபடியே, எழுதியாயிற்றா என்று கேட்டார்.

"எந்தத் தகப்பனை எழுதட்டும் பெரியப்பா? மூணு பேரு இருக்காங்க. தோட்டத்துப் புத்தகத்துல ஒருத்தருமே இல்ல."

என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளைக்காரனா இருக்குமோ?"

அந்தக் குரலில் பயம் இருந்தது. பயத்துக்குள்ளே கொஞ்சம் ஆசையும் இருந்தது. தோட்டத்துக் கூலி லயத்தில் தனியாகக் கிடந்து செத்த இருபது வயதுப் பெண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவரை எனக்கு அவர்மேல் இருந்தது எரிச்சல்தான். அந்த நிமிடத்தில் அது அருவருப்பாக மாறியது. எழுதித் தர முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவருக்கு என்ன குறை? தெல்தெனியவிலிருந்து ஒரு வாத்தியாரை வரவழைத்தார். வாத்தியார் மூன்று தகப்பன்களில் இராமநாதபுரத்து வணிகரைத் தேர்ந்தெடுத்து, அவரை ஜமீன்தாராக உயர்த்தி, யானை கட்டிய வாசலும் வைத்துக் கொடுத்தார். அது போதாதென்று ஒரு படம் வரைபவனைப் பிடித்து ஜமீன்தாரின் உருவத்தை எழுதச் சொன்னார்கள். முகம் எப்படி என்று அவன் கேட்டிருக்கிறான். பெரியப்பாவே போய் அவன் முன்னால் உட்கார்ந்தார். அவருடைய முகத்துக்கே தலைப்பாகையும் முறுக்கு மீசையும் வைத்து அவன் வேலையை முடித்தான்.

பெண் வீட்டார் வந்த அன்று படத்துக்கு மாலை போட்டிருந்தது. கொழும்பு வியாபாரி அதன் முன்னால் நின்று கைகூப்பினார். பிறகு பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்து, "எங்க பாட்டனாருக்கு இவரை நல்லாத் தெரியும். ஊர்ல பழக்கம்" என்றார்.

பெரியப்பா கண் கலங்கினார். எனக்குக் காரித் துப்ப வேண்டும்போல இருந்தது. தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு நின்றேன்.

கலியாணம் நடந்தது. அந்த மாதமே நான் அம்மாவை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறைக்குக் குடிபோனேன். பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கரின் மனைவி. வந்து கோப்பி குடித்துவிட்டு, நீங்கள் எந்த ஊர்ப் பக்கம் என்று அம்மாவை விசாரித்தாள். உள்ளே பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்த என் காதில் அம்மாவின் பதில் விழுந்தது. இராமநாதபுரம், ஜமீன் வகையறா என்றாள் அம்மா.

எழுந்து போய், அதெல்லாம் பொய், என் தாத்தாவின் அம்மா மடுல்கெல்லையில் கோப்பி பறித்தவள், தாத்தாவின் அப்பா யாரென்று தெரியாது என்று சொன்னேன். அவள் பெயரையும் சொன்னேன்.

"ஓம், அப்பிடியோ" என்றாள் கிளாக்கரின் மனைவி. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லு என்றாள்.