சைக்கிளை உருட்டிய அக்கா

மாண்ட்ரியலில் படித்தபோது சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையில் காய்கறி விற்றேன். மஞ்சள் மழைக்கோட்டும் மூக்குத்தியுமாக ஒரு யாழ்ப்பாணத்து அக்கா சைக்கிளில் வந்து கத்தரிக்காய் வாங்குவார். வழியில் சீருடைக்காரர் யாரைக் கண்டாலும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் கடப்பார்.

"ஏன்க்கா இறங்குறீங்க?" என்று கேட்டேன்.

"ஊரில காவல் நிக்கிற ஆமி சென்ட்ரியைக் கண்டா இறங்கி உருட்டோணும், தம்பி. கால் இன்னும் மறக்கேல்லை."

ஒரு சனிக்கிழமை முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அமெரிக்காவில் இருக்கும் கணவரிடம் போக விசா கிடைத்துவிட்டதாம். அவர் அமெரிக்க ராணுவத்தில் சமையல்காரர். அங்கே ஒரு பாலைவனத்து ராணுவ முகாமுக்குள்ளேயே வீடு.

"ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனான். இப்ப ஆமிக் காம்புக்குள்ள குடித்தனம் நடத்தப் போறன்! பக்கத்து டவுனில ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கு. ஃபோனில கதைச்சிட்டன்."

"அங்க எல்லாருமே யூனிஃபார்ம்தானேக்கா? நாள் முழுக்க உருட்டுவீங்களா?"

வாய்விட்டுச் சிரித்தார். "இண்டைக்கே பழகிறன், பாரும்!"

சந்தை முனையில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அக்கா சைக்கிளில் ஏறி அவரை நோக்கிப் போனார். பக்கத்தில் நெருங்கியதும் ஒரு கால் தரையைத் தேடியது. பிறகு பெடலுக்கே திரும்பியது. மணியை விடாமல் அடித்து, "போன்ஜூர்!" என்று பிரெஞ்சில் வணக்கம் கத்தியபடி கடந்தார். போலீஸ்காரரும் சிரித்துக் கையசைத்தார்.

அக்கா வாங்கி, எடுக்க மறந்துபோன கத்தரிக்காய்ப் பை என் கையிலேயே இருந்தது. கூப்பிட்டு அவரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.