குளிக்காமல் ஏறிய மலை

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை 5.50. திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. முதுகில் ஆளுக்கொரு பையோடு நானும் ஸ்டெல்லாவும் ஏறினோம். நடத்துநர் பைகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யக்கா, உள்ள ஆள் யாரும் இருந்தா இன்னொரு டிக்கெட்டு எடுக்கணும்" என்றார். தலைக்கு நாற்பத்திரண்டு ரூபாய். தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். எனக்கிருந்த சந்தோஷத்தில் அவர் நூறு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

நாங்கள் அன்று போனது மலைக்கு அல்ல, மலைக்குப் போகத் தகுதி உண்டா என்று பார்க்கும் சோதனை நடைக்கு. முண்டந்துறைக்கு மேலே காட்டுக்குள் மூன்று நாள் நடை, இரண்டு இரவு மரக்குடிலில் தங்கல், கூடவே வழிகாட்டி. வனத்துறை அனுமதியோடு வருடத்துக்கு ஒருமுறை, தை மாதக் கடைசியில் மட்டும் ஆறு பேரை அழைத்துப் போகிறார்கள். மூன்று வருடமாக விண்ணப்பித்து இந்த வருடம்தான் என் பெயர் வந்தது. வயது வரம்பு ஐம்பது. எனக்குப் பங்குனியில் ஐம்பது முடிகிறது. அதாவது இந்த வருடம் விட்டால் விட்டதுதான். இன்னொரு நிபந்தனையும் உண்டு. குடிலில் இரண்டிரண்டு கட்டில் என்பதால் பெண்கள் ஜோடியாகத்தான் வரவேண்டும். ஒருத்தி தேறாவிட்டால் மற்றவளும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ஸ்டெல்லா என்னோடு பாளையங்கோட்டையில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வயது நாற்பத்திரண்டு, சொந்த ஊர் உவரி. கடற்கரை மணலில் ஓடி வளர்ந்தவள், மலை என்று எதையும் ஏறியதில்லை. "யக்கா, ஏறுறது ஒண்ணும் பயமில்ல. எறங்கும்போதுதான் யார் முதுகுல விழுவேன்னு தெரியல" என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்று வாரமும் எங்களுக்குத் திருவிழாதான். காலை ஐந்தரைக்கு எழுந்து, பையில் அரிசியைப் போட்டுச் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்தோம். ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய காலணியை மாவரைக்கும்போதுகூடக் கழற்றாமல் போட்டுப் பழகினேன். அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க முழங்கால்வரை வரும் துணி உறையைத் தைக்கக் கொடுத்தபோது தையல்காரர், "இது யானைக்கா யக்கா?" என்று கேட்டார். அட்டைக்கு மருந்து, மூக்குப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவது. கடையில் போய் நான்கு டப்பி மூக்குப்பொடி கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி, "வீட்டுல யாருக்குத் தாயி இந்தப் பழக்கம்?" என்றார். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். தெரு முழுக்க அந்தச் செய்தி பரவியிருக்கும். பரவட்டும்.

பை ஏழு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஸ்டெல்லா தன் அண்ணன் வீட்டிலிருந்து மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கொண்டு வந்து என் பையை மாட்டினாள். பதினொரு கிலோ முந்நூறு. நாத்தனார் கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்து, பக்கத்து வீட்டில் கொடுத்த அல்வா, ஊறுகாய், இரண்டு போர்வை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உடன்குடிக் கருப்பட்டி மட்டும் கால் கிலோ உள்ளேயே தங்கியது. என் வீட்டுக்காரர் முந்திரிக்கொத்தை வாயில் போட்டுக்கொண்டே, "வருசத்துக்கு ரெண்டு தடவ இப்படிப் போய்ட்டு வாயேன்" என்றார்.

வண்டி சேரன்மகாதேவி தாண்டும்போது விடிந்தது. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை. வயலுக்கு அந்தப்பக்கம் மலை நீலமாக எழுந்து வர வர நான் சீட்டில் உட்காரவே இல்லை என்று ஸ்டெல்லா பிறகு சொன்னாள். 7.40-க்குப் பாபநாசத்தில் இறங்கினோம். வழிகாட்டி ஒன்பது மணிக்குத்தான் சோதனைச்சாவடிக்கு வரச்சொல்லியிருந்தார். கையில் ஒரு மணி இருபது நிமிடம். எதிரே ஆறு, மார்கழி மழை வெள்ளம் வடிந்து தெளிந்து, இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஓடுகிற தண்ணீரைக் கண்டால் இறங்காமல் இருக்க முடியாது. கல்யாணத்துக்குப் போனாலும் சரி, பத்திரப் பதிவுக்குப் போனாலும் சரி, வழியில் ஆறு வந்தால் ஒரு முங்கு போட்டால்தான் காரியம் தொடங்கியதாகக் கணக்கு. அதற்காகவே பையில் ஒரு துண்டு இருக்கும். நான் அப்படி வளர்ந்தவள். அதிலும் நல்ல காரியம் என்றால் எண்ணெய் வைத்தே குளிக்க வேண்டும். சின்னக் குப்பியில் நல்லெண்ணெயும் கொண்டு போயிருந்தேன்.

"ஏட்டி, வா. ஒரு முங்கு போட்டுட்டுப் போவோம்" என்றேன்.

"நீங்க போங்க. உப்புத்தண்ணில பொறந்தவ நான், எனக்கு இது சப்புன்னு இருக்கும். நான் பையைப் பாத்துக்கிடுதேன்" என்று ஸ்டெல்லா படித்துறையில் உட்கார்ந்துகொண்டாள்.

தண்ணீர் குளிர்ந்தது, பிறகு பழகியது, பிறகு வெளியே வர மனமில்லை. முழுசாக ஒரு மணி நேரம் கிடந்தேன். கரையேறியபோது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவசரமாகத் துடைத்து, காலுறையை இழுத்து, காலணியைக் கட்டிக்கொண்டு ஓடினேன். உடம்பு பஞ்சாக இருந்தது.

9.05. சோதனைச்சாவடியில் சென்னையிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் எங்களுக்கு முன்பே நின்றார்கள். வழிகாட்டி குமரேசனுக்கு நாற்பது வயது இருக்கும். பாபநாசம் அணைக்கு மேலே காணிக்காரர் என்ற மலைவாசிகளின் குடியிருப்பில் பிறந்தவர், ஒடிசலான ஆள், சத்தம் போட்டுப் பேசுவதில்லை. பைகளை நிறுத்தார். என்னுடையது ஆறு தொள்ளாயிரம். "நாலு கிலோமீட்டர் ஏத்தம், நாலு எறக்கம். ஓட வேண்டாம், பைய நடங்க. எங்கயாச்சும் வலிச்சா ஒடனே சொல்லணும். இந்த ஒரு விசயந்தான் நான் கேப்பேன்" என்றார்.

சாலையை விட்டு விலகிய ஐந்தாவது நிமிடத்தில் உலகம் மாறிவிட்டது. சருகு வாசனை, எங்கேயோ ஒரு மரங்கொத்தி தட்டும் சத்தம், தலைக்கு மேலே கருமந்திகளின் தாவல். நான் சின்னப்பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் "ஐயோ, அங்கன பாரேன்" என்று கத்திக்கொண்டு வந்தேன். இரண்டாவது கிலோமீட்டரில் குதிகால் சுட ஆரம்பித்தது. மூன்றாவதில் காலணிக்குள் யாரோ தீப்பெட்டி உரசுவது போல இருந்தது. காலணி மேல் சந்தேகமே இல்லை, அது மூன்று வாரம் பழகியது. என்னவென்று புரியவில்லை. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பது நன்றாகப் புரிந்தது.

11 மணி. மேலே பாறை முகட்டில் நின்றோம். கீழே அணைத் தண்ணீர், அதற்கப்பால் ஆறு வளைந்து வளைந்து எங்கள் ஊர்ப்பக்கம் போகிறது. எதிரே அடுக்கடுக்காக மலை. அதன் இரண்டாவது மடிப்பைக் காட்டி, "குடில் அங்கன இருக்கு" என்றார் குமரேசன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யக்கா, வலிக்கா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

இறக்கத்தில் அவர் எனக்குப் பின்னால் நடந்தார். அரை கிலோமீட்டர் போயிருப்போம். "நில்லுங்க. அந்தக் கல்லுல உக்காந்து செருப்பக் கழத்துங்க" என்றார். கழற்றினேன். இரண்டு குதிகாலிலும் எட்டணா அகலத்துக்குத் தோல் உரிந்து, காலுறை இரத்தத்தில் ஒட்டியிருந்தது. சென்னைப் பையன்கள் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

குமரேசன் காலைப் பார்க்கவில்லை, என் ஈரக் கொண்டையைப் பார்த்தார். "ஆத்துல கெடந்துட்டா வந்திய?"

"ஒரு முங்குதான்..."

"ஒரு மணி நேரம்" என்றாள் ஸ்டெல்லா.

"ஊறின தோலு ஏத்தத்துல தாங்குமா? வெளியூர்க்காரவிய மூச்சு வாங்கித் திரும்புவாவ. நம்ம ஊர்க்காரவிய குளிச்சே திரும்புவாவ. வருசா வருசம் ரெண்டு பேராச்சும் இப்படி வந்துருதிய." அவர் சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. "கொப்புளம் பத்து நாள்ல ஆறிரும். அதுக்காக நான் ஆளத் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆனா கேட்டதுக்கு இல்லன்னு சொன்னிய பாருங்க, அதான். ரெண்டாம் நாளு நடுக்காட்டுல வண்டி வராது, போனு எடுக்காது. நீங்க மறைச்சா உங்கள அஞ்சு பேரு தூக்கணும்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலையில் இரத்தம் எடுக்குமுன் நான் செய்கிற வேலையே இப்படியொரு கேள்வியைக் கேட்பதுதான். "வெறும் வயிறா வந்திய?" என்பேன். "ஆமா" என்பார்கள். வாயில் காப்பி வாசனை வரும். பொய் சொன்னால் யாருக்கு நட்டம் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். இப்போது காப்பி குடித்துவிட்டு ஊசிக்குக் கை நீட்டியது நான்தான். வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. என்னால் ஸ்டெல்லாவின் இடமும் போகிறதே என்பது இன்னும் சுட்டது.

குமரேசன் ஸ்டெல்லாவிடம் திரும்பினார். "ஒரே குடில்ல இருக்கப் போறது நீங்க. நீங்க சொல்லுங்க. இவிய இனிமே வலிச்சா சொல்வாவளா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சொல்ல மாட்டாவ" என்றாள். "அவிய கொணம் அது. காய்ச்சலோட வேலைக்கு வருவாவ. ஆனா மொகத்தப் பாத்தே எனக்குத் தெரியும். அவிய சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

அவர் என் காலணியை எடுத்து என்னிடம் நீட்டினார். "சரி. பத்து நாளைக்குத் தண்ணில ஊற விடாதிய. பொறப்படுற அன்னைக்குக் காலையில நான் மறுபடியும் கேப்பேன். அப்ப முடிவு பண்ணிக்கிடுவோம்."

அந்தப் பத்து நாளும் நான் ஆற்றுப்பக்கமே போகவில்லை. குளியலறையில் காலுக்கு நெகிழிப்பையைக் கட்டிக்கொண்டு வாளித் தண்ணீரில் குளித்தேன். வேலையில் ஒரு பெரியவர், "வெறும் வயிறுதாம்மா" என்றபோது திட்டாமல், "காப்பி குடிச்சிருந்தாலும் சொல்லுங்கய்யா, நாளைக்கு வந்துக்கிடலாம்" என்றேன். அவர் திகைத்துப்போய், "அரை டம்ளர்" என்றார். ஸ்டெல்லா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

புதன்கிழமை காலை 7.35. மறுபடியும் பாபநாசம். எங்கள் பேருந்திலிருந்து இறங்கிய கூட்டம் அப்படியே படித்துறைக்குப் போனது. ஒரு குடும்பம் பாத்திரம் பண்டத்தோடு தண்ணீரில் இறங்கியது. நான் கடைசிப் படிக்கு மேலே காலணியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கச் சொல்லிக் கால் துடித்தது. கடைசியில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன். ஊரில் எத்தனையோ வருடம் இதே தண்ணீரில் முங்கி எழுந்திருக்கிறேன். அந்த ஒரு கை தண்ணீர் அத்தனை குளியலையும்விடக் குளிர்ந்தது.

8.15. சோதனைச்சாவடி. குறுக்குக் கம்பத்துக்கு முன்னால் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்திவிட்டு குமரேசன் கேட்டார்: "யாருக்காச்சும் எங்கனயாச்சும் வலி உண்டா?"

இல்லை என்றார்கள் நால்வர். இல்லை என்றாள் ஸ்டெல்லா. என் முறை. அன்று காலை வீட்டு மாடிப்படி இறங்கும்போது இடது குதிகாலில் புதுத்தோல் சுருக்கென்று இழுத்திருந்தது. சின்ன வலிதான். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. எதிரே மலையின் இரண்டாவது மடிப்பு வெயிலில் தெரிந்தது. ஸ்டெல்லா என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். பார்த்ததும் அவள் உதடு பிரிந்தது.

"இடது குதிகால் இழுக்குது" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "காலைல படி எறங்கும்போது தெரிஞ்சுது. ஏத்தத்துல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல."

குமரேசன் கீழே உட்கார்ந்து என் காலணியை அவரே கழற்றினார். குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒட்டுத்துணியை எடுத்து, பல்லால் கிழித்து, இரண்டு மடிப்பாக ஒட்டி, காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார்.

"காலு காஞ்சிருக்கு" என்றார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "நீங்க எனக்கு அடுத்தாப்புல நடங்க. இழுவை கூடுனா இதே மாதிரி சொல்லணும்."

"நான் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், முந்திக்கிட்டிய" என்று ஸ்டெல்லா பையை மாட்டிக்கொண்டாள்.

8.30-க்குக் கம்பம் உயர்ந்தது. முதலில் குமரேசன் நடந்தார். இரண்டாவதாக நான் நடந்தேன்.