ராட்டைகளோடு ஒரு வகுப்பு

எழுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் நடந்தது இது. நான் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள். செவிலியர் படிப்புக்காகக் கப்பலேறிச் சென்னைக்கு வந்திருந்தேன். கடைசி வருடம் களப்பயிற்சிக்குப் பிள்ளையார்பாளையத்துக்கு அனுப்பினார்கள். ஒரு நெசவாளர் வீட்டில் தங்கி, அந்தத் தெருப் பெண்களுக்குக் குழந்தை வளர்ப்பு பற்றி வகுப்பு எடுக்க வேண்டும். பயிற்சி முடியும் முன் எங்கள் ஆசிரியை நேரில் வந்து பார்ப்பார். வகுப்பில் ஆள் இல்லையென்றால் நான் ஃபெயில். ஃபெயிலானால் படித்தது போதும், ஊருக்கு வந்து கல்யாணம் பண்ணிக்கொள் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நர்ஸாகாமல் கப்பலேறுவதில்லை என்று நானும் பிடிவாதமாக இருந்தேன்.

நான் தங்கிய வீட்டில் கணவர் தறி நெய்வார். மனைவி என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன். இடுப்பில் எப்போதும் ஒரு பெண் குழந்தை, வாயில் எப்போதும் கிண்டல். முதல் நாள் காலையில், டிபன் சாப்பிட்டாயிற்றா என்பதை எங்கள் ஊர் வழக்கப்படி “பசியாறிட்டீங்களா அக்கா?” என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து தெருவே என்னைப் பார்த்தால் “பசியாறினியாமா?” என்றுதான் கேட்டது.

கிண்டல் பண்ணியவர்கள் வகுப்புக்கு மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் விடுமுறைதானே என்று, வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஞாயித்துக்கெழம யாருக்குமா லீவு? இங்க அமாவாசதான் லீவு.”

சரியென்று அமாவாசைக்குக் கூப்பிட்டேன். அன்றைக்கும் அதே கதை. ஆண்கள் சட்டை மாற்றிக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்பினார்கள். பெண்களோ விடிந்ததிலிருந்து வீடு கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, படையலுக்குச் சமைத்து ஓய்ந்து போயிருந்தார்கள். எனக்குக் கோபமான கோபம். உங்களுக்கு என்றைக்குத்தான் லீவு என்று அக்காவிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

“லீவு தறிக்குமா. எங்களுக்கு இல்ல” என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அக்கா ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தறியில் நெய்ய நெய்ய நூல் தீர்ந்துகொண்டே இருக்கும். சுற்றிக் கொடுப்பது வீட்டுப் பெண்களின் வேலை. சுற்றியபடியே, எப்போதோ பார்த்த ஒரு சினிமாவை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எனக்குச் சொல்லி முடித்தார். ராட்டையை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இவர்களுக்குக் கைதான் ஓய்வதில்லை, காது சும்மாதானே இருக்கிறது!

மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினேன். வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம், ராட்டையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். “வேலையும் நடக்குது, பேச்சும் கேக்குது” என்று அவர்களே போய்ச் சொல்ல, ஆசிரியை வந்த அன்று அக்கா வீட்டு முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. அத்தனை ராட்டைகளும் ஒன்றாகச் சுற்றிய இரைச்சலில் நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். குழந்தைக்குப் பேதியானால் தண்ணீரை நிறுத்தக் கூடாது, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன்.

அக்காவின் ராட்டை நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். ஒவ்வொரு ராட்டையாக எல்லாமே நின்றுவிட்டன.

“தண்ணி குடுத்திருந்தா எங்க பெரியவன் பொழச்சிருப்பானாமா?”

அவருக்கு ஒரு மூத்த பிள்ளை இருந்ததே எனக்குத் தெரியாது. பேதியில் கிடந்து தண்ணீருக்கு அழுதானாம். கொடுத்தால் இன்னும் போகும் என்று வீட்டில் எல்லோரும் தடுத்துவிட்டார்களாம். பக்கத்து வீட்டுப் பெண் தணிந்த குரலில் சொன்னார். ஆசிரியை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியும் பிழைத்திருக்க மாட்டான் என்று ஆறுதலுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“தெரியலக்கா. ஆனா பாப்பாவுக்கு அப்படி வந்தா கண்டிப்பா குடுங்க” என்றேன். அதற்குள் நானே அழுதுவிட்டேன்.

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“கஞ்சிக்கு எத்தினி உப்புன்னு இன்னொரு தபா சொல்லுமா. சத்தமா சொல்லு, எல்லாரும் கேட்டுக்கட்டும்.”

நான் பாஸாகிவிட்டேன். ஊர் திரும்பி, ஓய்வு பெறும்வரை நர்ஸாகவே இருந்தேன். ஃபெயிலாகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வகுப்பைக் கூட்டினேன். ஆனால் அதன்பின் பேதிக் குழந்தையோடு வந்த ஒவ்வொரு தாயிடமும் “தண்ணி குடுங்க, பொழச்சுக்கும்” என்று சொல்லும்போது, அக்காவின் அந்தக் கேள்விக்கு அன்று சொல்ல முடியாமல்போன பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது.