நைனா தேடிய கிடார்

முதலில் என் கம்ப்யூட்டர் கிடார் ஹார்மோனியம் மாதிரிதான் ஒலித்தது, அதிலும் சளி பிடித்த ஹார்மோனியம். திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மவுஸால் ஒரு சின்னப் பட்டை வைக்க வேண்டும். பட்டையை இழுத்தால் ஸ்வரம் நீளும், மேலே தூக்கினால் சுருதி ஏறும். ஒலிகளின் வரிசையில் கிடாரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கிடார் வந்துவிடும் என்று அந்த சாஃப்ட்வேரை எழுதிய புண்ணியவான் நினைத்திருக்கிறான். அவன் ஜென்மத்தில் ஒரு கிடாரைத் தொட்டிருக்க மாட்டான்.

நான் தொட்டிருந்தேன். அதனால்தான் அந்தப் பொய்ச் சத்தத்தைக் காதில் வாங்க முடியவில்லை.

கோலார் தங்கவயலில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கனரக இயந்திரங்கள் செய்யும் ஃபேக்டரியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்தால் அதில் என்ன குறை என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் சுலபத்தில் எதையும் பாஸ் செய்யமாட்டார் என்று ஃபேக்டரியே சொல்லும். வீட்டுக்கு வந்தாலும் அதே உத்தியோகம்தான். சாம்பாரில் ஆரம்பித்து என்னிடம் வந்து முடிப்பார்.

ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூர் காலேஜுக்குப் போய்வந்த நாட்களில் கூடப் படித்த ஒருத்தியிடம் கிடார் கற்றுக்கொண்டு, எனக்கென்று ஒன்றும் வாங்கிக்கொண்டேன். சுரங்கப் பக்கம் சாம்பியன் ரீப்ஸில் இருந்த என் சிநேகிதியின் அண்ணன் ஒரு சின்ன ஆர்கெஸ்ட்ரா நடத்தினார். ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு அவருடைய கிடார்காரர் வராமல் போகவே, நான் மேடையேறினேன். அன்றைக்கு வாசித்த மாதிரி நான் எப்போதும் வாசித்ததில்லை. என் கெட்ட நேரம், அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களின் பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை.

“ஆம்பளைங்க நடுவுல ஸ்டேஜ்ல நின்னுகினு கம்பிய தட்டிகினு... இன்னாடி இதெல்லாம்?” என்றார் நைனா. கிடாரை ஸ்கூட்டரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது ஸ்கூட்டர் மட்டும் வந்தது. யாரிடம் கொடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குள் காலேஜும் முடிந்திருந்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றேன். கல்யாணம் ஆகட்டும், அப்புறம் அவங்க இஷ்டம் என்றார். தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம் அது. கடையில், பஸ்ஸில், கோயிலில் எங்கே பார்த்தாலும் யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதுதான் பேச்சு. விடியும்போது ரயிலின் ஹார்ன் கேட்கும். என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் அதில் போய்க்கொண்டிருப்பார்கள். நான் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து டிரம்மை நிரப்பிக்கொண்டிருப்பேன். அந்த ஹார்னைக் கேட்டால் அப்படி ஒரு ஆத்திரம் வரும் எனக்கு.

கம்ப்யூட்டர் வந்தது மாப்பிள்ளை வீட்டார் புண்ணியத்தில். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்பதையெல்லாம் விட்டுவிட்டு, “பொண்ணுக்கு கம்ப்யூட்டர் தெரியுமா?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். நைனா பெங்களூர் போய் ஒன்றை வாங்கிவந்து என் அறையில் வைத்தார். அம்மா அதற்குப் பூவேலை செய்த உறை தைத்துப் போட்டாள். ஆயுத பூஜைக்கு மானிட்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டும் வைத்தாள். “எம்பொண்ணு கம்ப்யூட்டர் படிக்கிறா” என்று நைனா கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

சிநேகிதியின் அண்ணன் ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்துவிட்டு துபாய்க்குப் போகும்போது, தன்னிடம் இருந்த மியூசிக் சாஃப்ட்வேரை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார். அவள் அதை ஒரு வாரப் பத்திரிகைக்குள் செருகி என்னிடம் சேர்த்தாள். அன்று ஆரம்பித்தது என் களவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன் என்றால் சாப்பாட்டு நேரம் வரை எழுந்திருக்கமாட்டேன்.

ஆர்கெஸ்ட்ரா கீபோர்டில் மூன்று விரலை ஒன்றாக அழுத்தினால் மூன்று ஸ்வரமும் ஒன்றாக விழும். கிடாரில் அப்படி விழாது. கை மேலிருந்து கீழே வரும்போது தடித்த கம்பி முதலில் பேசும், மெல்லிய கம்பி கடைசியில் பேசும். இடையில் கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது, ஆனால் காதுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பட்டையையும் முந்தைய பட்டையிலிருந்து ஒரு இம்மி தள்ளி வைத்தேன். கை கீழிருந்து மேலே போகும் இடத்தில் வரிசையைத் திருப்பினேன். அப்போது கை எல்லாக் கம்பியையும் தொடாது என்பதால் தடித்த கம்பிகளை விட்டுவிட்டேன். எல்லா அடியும் ஒரே பலத்தில் இருந்தால் ஃபேக்டரியில் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும், ஆகவே ஒன்றை அழுத்தி, ஒன்றைத் தளர்த்தினேன்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கம்ப்யூட்டருக்கு விரல் கிடையாது, அதனால் எங்கே வேண்டுமானாலும் எட்டும். மனுஷ விரல் எட்டாத இடத்தில் ஒரு ஸ்வரம் வைத்தால் போதும், கேட்பவருக்கு ஏன் என்று தெரியாமலே அது பொய் என்று பட்டுவிடும். எனவே இடது கையை மேஜை விளிம்பில் வைத்து, இல்லாத கம்பிகளின்மேல் விரல்களை மடக்கிப் பார்ப்பேன். எட்டினால் மட்டும் வலது கையால் மவுஸை அழுத்துவேன்.

“இன்னாமா, டைப்பிங்கா?” என்று அம்மா கேட்டாள்.

“ஆமாம்மா. ரெண்டு கையும் பழகணும்.”

அப்படியும் ஏதோ குறைந்தது. ஒலிகளின் வரிசையில் கடைசிப் பக்கத்தில், யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு ஒலியைக் கண்டுபிடித்தேன். விரல் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகரும்போது கம்பியில் உரசுமே, அந்தக் கிறீச். அதை மட்டும் தனியாக எடுத்து, விரல் நகரவேண்டிய இடங்களில் வைத்தேன். சத்தமாக வைத்தால் எலி கத்துகிற மாதிரி இருந்தது. குறைத்துக் குறைத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குக் கொண்டுவந்தபோது மழைக்காலம் போய்விட்டிருந்தது.

வீட்டுக்குள் கிடந்து வெந்துகொண்டிருந்த எனக்கு அந்த ஹெட்போனுக்குள் மட்டும்தான் மூச்சுவிட இடம் இருந்தது. நைனாவுக்குத் தெரிந்தால் கம்ப்யூட்டரும் ஸ்கூட்டரில் ஏறிவிடும். அதுவும் போனால் நான் செத்துப்போவேன் என்று நிஜமாகவே நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவும் அம்மாவும் எங்கள் ஊரிலேயே பாலகாட் சுரங்கத்துப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனார்கள். நான் தலைவலி என்று சொல்லி வீட்டில் தங்கிவிட்டேன். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு சத்தம் மெய்யா பொய்யா என்று பக்கத்து அறையில் நின்று கேட்டால்தான் தெரியும். சமையலறைக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

என் அறையில் யாரோ உட்கார்ந்து கிடார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சத்தியமாக அப்படித்தான் இருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. ஓடிப்போய் மறுபடி போட்டேன், மறுபடி ஓடிவந்து நின்றேன். எத்தனை முறை என்று கணக்கே இல்லை. காதுகுத்து வீட்டில் பந்தியில் மரியாதை குறைந்துவிட்டது என்று நைனா கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பிவிட்ட விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? கதவு தட்டும் சத்தம் கேட்டதும் பாட்டை நிறுத்திவிட்டுப் போய்த் திறந்தேன்.

“எங்கடி வெச்சிகிற?” என்றார்.

“எது நைனா?”

“இன்னா எது? கேட்டாண்ட நின்னு கேட்டுகினுதான் கீறேன். கம்பி மேல விரல் இழுக்கிற சத்தம்கூட கேக்குது.”

“அது கேசட்டு...”

“கேசட்டுல ஒரே பாட்ட நிறுத்தி நிறுத்தி வாசிப்பாங்களா? கதவ தட்டினா நின்னுடுமா? யார்கிட்ட கத உடற?”

எனக்குப் பயம்தான். சிரிப்பும் வந்தது. எதையும் பாஸ் செய்யாத மனிதர் என் கிடாரைப் பாஸ் செய்துவிட்டார் என்ற பெருமை வேறு.

நைனா தேட ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், பரணில் இருந்த அண்டா குண்டானுக்கு நடுவில். தண்ணீர் டிரம்மின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தார். “அதுக்குள்ள யாராவது வெப்பாங்களா?” என்று அம்மா கேட்டதற்கு, “நீ சும்மா இரு” என்றார். என் மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதற்காகக் குனிந்தபோது விழுந்துவிடாமல் இருக்கக் கம்ப்யூட்டரைத்தான் பிடித்துக்கொண்டார்.

எதுவும் கிடைக்காத கோபத்தில் கடைசியாக ஒன்று சொன்னார். “நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு வருவேன். அது இந்த டேபிள் மேல இருக்கணும். இல்லன்னா, ஒவ்வொரு வூடா ஏறி, எம்பொண்ணு கிடாரு இங்க கீதான்னு கேப்பேன்.”

செய்யக்கூடியவர். உண்மையைச் சொன்னால் கம்ப்யூட்டர் போகும். சொல்லாவிட்டால் தெருவெல்லாம் மானம் போகும். யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் இருந்தது. என்னிடம் இல்லாத கிடாரை நான் ஒப்படைக்க வேண்டும்.

மறுநாள் நைனா ஃபேக்டரிக்குப் போனதும் சாம்பியன் ரீப்ஸுக்கு பஸ் பிடித்தேன். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சிநேகிதி, கதையைக் கேட்டு முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“இன்னாடி, திருடாத பொருள திருப்பிக் குடுக்கறதுக்கு எங்கிட்ட வந்துகிறியா?”

அண்ணன் விட்டுப்போன பழைய கிடார் ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒரு கம்பி இல்லை, மிச்சக் கம்பிகளில் துரு. “எடுத்துகினு போ. இனிமே எங்க வூட்ல இது யாருக்கு?” என்றாள். பழைய பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சாயந்திரம் நைனா வந்தார். கைகால் கழுவி, லுங்கி மாற்றி, காபி குடித்து முடித்த பிறகுதான் மேஜைப் பக்கம் வந்தார். பெட்ஷீட்டை விலக்கி, ஃபேக்டரியில் செய்வது போலவே, தலையிலிருந்து கால்வரை திருப்பிப் பார்த்தார். ஒரு கம்பியின்மேல் விரலை ஓட்டினார். விரல் செம்மண் நிறமாயிற்று.

“இதுலயா வாசிச்ச?”

“ஆமா நைனா.”

“ஒரு கம்பி இல்ல.”

“நேத்து அறுந்துடுச்சி.”

என்னைப் பார்த்தார், கிடாரைப் பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நேத்து வாசிச்சத வாசி” என்றார்.

அது ஒரு ஆள் வாசிக்கிற பாட்டே அல்ல. ஒரு கிடார் தாளம் பிடிக்க, இன்னொன்று அதன்மேல் மெட்டு வாசிக்கும்படி இரண்டையும் ஒன்றோடு ஒன்றாக அடுக்கியிருந்தேன். ஒன்றையாவது வாசிப்போம் என்று ஆரம்பித்தேன். மேஜை விளிம்பில் அழகாக மடங்கிய விரல்கள் கம்பியில் வைத்ததும் வழுக்கின. விரல் நுனியில் இருந்த காய்ப்பெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. கம்பி கத்தி மாதிரி அறுத்தது. சத்தம் நசுங்கி நசுங்கி வந்தது. பாதியில் நின்றேன், திரும்ப ஆரம்பித்தேன், அதே இடத்தில் நின்றேன். வலியைவிட அவமானம் பெரிதாக இருந்தது. கிடார் போனபோதுகூட எனக்கு எல்லாம் தெரியும், கையைத்தான் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். கையும் போய்விட்டது என்பது அன்றுதான் தெரிந்தது.

நைனாவின் முகத்திலிருந்து கோபம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

“நேத்து நல்லா இருந்துது,” என்றார் மெதுவாக. “கேட்டாண்ட ரொம்ப நேரம் நின்னுகினே இருந்தேன். உங்கம்மா கூப்ட கூப்ட உள்ள வரல. இவ்ளோ நல்லா வாசிக்கிறாளே, இவ இந்த ஊர்ல நிக்கமாட்டா, பூடுவான்னு பயந்துட்டேன்.” கிடாரை எடுத்து என் மடியில் சரியாக வைத்தார். “இன்னிக்கி சுமாராத்தான் கீது. வெச்சிக்கோ. வூட்டோட வாசி.”

பிறந்ததிலிருந்து அவர் என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாகப் பேசிக் கேட்டதில்லை. நேற்றுக் கேட்டதைப் பட்டை பட்டையாக அடுக்கிச் செய்தது நான்தான், நானேதான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் கம்ப்யூட்டர் போய்விடும். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே பஜாருக்குப் போய்ப் புதுக் கம்பிகள் வாங்கிவந்தார். என் அறையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அதன் பூவேலை உறையின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“அன்னிக்கி வாசிச்சியே, அது வருதான்னு பாரு.”

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்தார். என் விரல்கள் தேறின, காய்ப்பு மறுபடி ஏறியது. ஒரு கிடாரை ஒழுங்காகவே வாசித்தேன். அவர் கேட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் தலையை அசைப்பார், இது அது இல்லை என்று. அவர் கேட்டது அவருடைய முழங்கைக்கு அடியிலேயே இருந்தது. உறையை விலக்கி ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

“வரல நைனா,” என்றேன்.

“பரவால்ல. மெதுவா வரும்.” கண்ணை மூடிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “இன்னா அவசரம்? நானும் இங்கதான் கீறேன், நீயும் இங்கதான் கீற.”